நானூற்றைம்பது கிராம் மத்தியானம்

தஞ்சாவூரில் கார் ஏசிக்குள் வண்டியின் சொந்தக்காரர் வாழ்ந்த நாள்களில் ஒன்றை நிரப்புவார்கள். குளிர்ந்த நாளாக இருக்க வேண்டும். நிரப்பிய பிறகு அந்த நாள் நம் தலையில் இருக்காது. வண்டியில் ஏறி ஏசியைப் போட்டால் வந்துவிடும்.

என் காரில் இருந்தது 1979 சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்று. நாகப்பட்டினத்தில், மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனியில் அப்பா மெஷின் ஓட்டினார். பள்ளிக்கூட லீவில் என்னையும் தங்கை மங்கையர்க்கரசியையும் ஒரு நாள் உள்ளே கூட்டிப்போனார். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே ஐஸ் பாளங்கள், அவற்றின் மேல் உமி, உமியின் மேல் நாங்கள். இதை நான் காரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

போன மாதம் உமி வாசனை குறைந்தது. அடுத்த வாரம் அப்பாவின் கைலியில் கட்டம் தெரியவில்லை. பிறகு அவர் வாயை அசைத்தார், சத்தம் வரவில்லை. ஏசியிலிருந்து வெறும் காற்று வந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் அல்போன்ஸ் பைப் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் குமிழி வந்தது.

“வாஷர் போயிருக்கு சார். மாத்திடலாம். ஆனா உள்ள நூறு கிராம்தான் மிச்சம் இருக்கு. முழுசா நானூத்தைம்பது வேணும்.”

“நிரப்பிடுங்க.”

“வேற நாளைக் கலந்தா கம்ப்ரஸர் இறுகிடும். அதே நாள்தான் வேணும். ஒரு நாளை ஒருத்தர் ஒரு தடவைதான் குடுக்க முடியும், நீங்க குடுத்தாச்சு. அன்னைக்கு உங்ககூட வேற யார் இருந்தாங்க?”

சொன்னேன். மிச்சமிருந்ததை ஒரு சிலிண்டரில் எடுத்துப் பத்திரப்படுத்தினார். இனி அந்த நாளைப் பற்றி எனக்கு எதுவும் நினைவிருக்காது என்பதால் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்: ஐஸ் கம்பெனி, தங்கை, திருவாரூர்.

கண்ணாடிகளை இறக்கிவிட்டுத் திருவாரூருக்கு, தங்கை வீட்டுக்கு ஓட்டினேன். மே மாதத்து அனல் முகத்தில் அறைந்தது. வழியில் இரண்டு முறை வண்டியை ஓரம்கட்டிச் சீட்டைப் படித்தேன்.

மங்கையோடு பேசி ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. அவள் கணவர் இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போகவில்லை. ஆபீசில் ஆடிட் என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

கதவைத் திறந்தவள், “வாங்க” என்றாள். மோர் கொடுத்தாள். நான் சீட்டைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

“இதுக்காகத்தான் வந்தீங்களா?”

“ஆமாம்.”

“அவரு காரியத்துக்கு வரலை.”

“அன்னைக்கு ஆடிட் எதுவும் இல்லை மங்கை. உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.”

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு டம்ளரைக் கழுவ எடுக்கும் நேரத்தைவிட வெகுநேரம் குழாய் ஓடியது. திரும்பி வந்தபோது முந்தானை நனைந்திருந்தது.

“குடுத்துட்டா எனக்கு அந்த நாள் இருக்காது.”

“தெரியும்.”

“அப்பாவைப் பார்க்கணும்னா உங்க வண்டியிலதான் வந்து உட்காரணும்.”

“நான் எடுத்துட்டு வர்றேன். வியாழக்கிழமை வரட்டுமா?”

“ஒரு வியாழக்கிழமை போதாது” என்று சொல்லி வீட்டுச் சாவியைத் தேடினாள்.

நாங்கள் தஞ்சாவூர் வந்து சேர்ந்ததும் அல்போன்ஸ் வாஷரை மாற்றி, பம்ப் வைத்து உள்ளிருந்த காற்றையெல்லாம் முக்கால் மணி நேரம் உறிஞ்சி எடுத்தார். முதலில் சிலிண்டரில் இருந்த நூறு கிராமை ஏற்றினார். பிறகு மங்கையை முன் சீட்டில் உட்காரவைத்து, நீலக் குழாயை அவள் கையில் கொடுத்தார்.

“சொல்லுங்கம்மா.”

அவள் மெல்லிய குரலில் சொல்லச் சொல்ல மீட்டரில் முள் ஏறியது. இருநூறு கிராமில் நின்றுவிட்டது. அல்போன்ஸ் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

“அன்னைக்கு அழுதீங்களாம்மா?”

“ஐஸ்ல வழுக்கி விழுந்தேன்.”

“அதான். ஈரம் உள்ள போனா வால்வுல உறைஞ்சிடும்.” நடுவில் ஒரு வடிகட்டியைப் பொருத்தினார். அதன் அடியில் அரை ஸ்பூன் தண்ணீர் சேர்ந்தது. அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் திறந்தார். முள் நானூற்றைம்பதைத் தொட்டதும் மூடினார்.

மங்கை என்னைப் பார்த்தாள். “என்ன சொல்லிட்டிருந்தேன்?”

ஏசியைப் போட்டேன். முதலில் உமி வாசனை வந்தது. பிறகு கைலியின் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் பிடித்தன. என்னிடம் இருந்த மத்தியானத்தில் நான் ஐஸ் தின்றுகொண்டு மட்டுமே இருந்தேன். இதில் அவள் விழுந்தாள். நான் என் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டு, வெற்றுடம்போடு பல் கிடுகிடுக்க நின்றேன். இப்படி ஒன்று நடந்தது எனக்குத் தெரியாது. அப்பா மெஷின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தார்: “ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்காருங்க.”

உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் அவளை வீட்டில் விடக் கிளம்பினேன். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்குப் பின்னால் இரண்டு பஸ்கள் வந்து நின்றன. கேட் கீப்பர் ஒவ்வொரு வண்டியாக வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“இன்னைக்கு ரயில் வராதுங்க. அதுக்குப் பதிலா கேட்தான் மன்னார்குடி போயிட்டு வரணும். அது திரும்பி வர்ற வரைக்கும் யாரும் தண்டவாளத்தைத் தாண்டக் கூடாது.”

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்று மங்கை கேட்டாள்.

“ரெண்டு மணி நேரம்.”

“ஆகட்டும்.”

சிவப்பு வெள்ளைக் கம்பிகள் இரண்டும் மெதுவாகத் தண்டவாளத்தில் இறங்கி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மன்னார்குடியில் யாருக்காவது ஏதாவது சொல்லணுமா என்று கேட் கீப்பர் கேட்டார். மங்கை கொஞ்சம் யோசித்தாள். அங்கே யாரும் இல்லை, எல்லோரும் வண்டிக்குள்தான் இருக்கிறோம் என்றாள். அவர் கொடியை அசைத்தார். கேட் கிளம்பியது.