சாடை தெரிந்தவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்ணூர் ரூமில் இருந்தவர்கள்: ரூமைத் தேடிக் கண்டுபிடித்ததால் எங்களுக்கும் தானே சொந்தக்காரன் என்று நினைக்கும் கொம்பையா. முகத்தைப் பார்த்தே ஆளை அளந்துவிடுவதாகச் சொல்லும் ஜெபகுமார். அவன், தான் காதலித்த பெண்கள் எல்லோருக்கும் அண்ணனாகிப் போனவன். கொம்பையா சிரித்த பிறகு சிரிக்கும் சண்முகசுந்தரம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பாயிலேயே கிடக்கும் நான். அப்புறம், இசக்கிபாண்டி.

இசக்கிபாண்டி வந்த அன்றே சொல்லியிருந்தான். "எனக்கு ஆட்டிசம் உண்டு. சாடையாப் பேசினா பிடிபடாது. நேராச் சொல்லிருங்க." எல்லோரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினோம்.

அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம் வீட்டுக்கார சரோஜாம்மா வாசலில் நின்று, "எத்தினி பேருப்பா தங்கிக்கினு கீறீங்க?" என்று கேட்டார். "நாலு பேருதான்க்கா" என்றான் கொம்பையா. "அஞ்சு" என்றான் இசக்கிபாண்டி. ரூம் பிடிக்கும்போது பேச்சு நாலு பேருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒருவன் காலி செய்யாவிட்டால் எல்லோரும் வெளியே என்று சொல்லிவிட்டுப் போனார்.

யார் அந்த ஒருவன் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. புது இடத்தில் இசக்கிபாண்டிக்கு மாதக்கணக்கில் தூக்கம் வராது. அப்படி அசெம்பிளி லைனில் தூங்கி விழுந்துதான் பழைய கம்பெனியில் வேலை போனது. அது எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போகச் சொன்னால் கெட்டவர்களாகிவிடுவோம். அதனால் அவனே புரிந்துகொண்டு போக வேண்டும்.

"ரூம் நெருக்கமா இருக்குல்லா?" என்றான் கொம்பையா. இசக்கிபாண்டி எழுந்து பீரோவை மூலைக்குத் தள்ளினான்.

"ஒரகடத்துல நல்ல ரூமா கெடக்காம்" என்றான் ஜெபகுமார்.

"ஒனக்குப் பிடிச்சா போ" என்றான் இசக்கிபாண்டி.

சனிக்கிழமை சாயந்திரம் கேக் வாங்கி அவனை வெட்ட வைத்தோம். கம்பெனியில் வேலையை விட்டுப் போகிறவனுக்கு வெட்டுகிற அதே கேக். இரண்டு துண்டு தின்றுவிட்டு வழக்கமான இடத்தில் பாயை விரித்தான்.

"இவனுக்கு மனுசங்களே புரியலல" என்று ஜெபகுமார் பெருமூச்சு விட்டான்.

ஞாயிறு காலை ரூம் மீட்டிங். நட்பு, தியாகம், அட்ஜஸ்ட்மென்ட் என்று கொம்பையா நெடுநேரம் பேசினான். இசக்கிபாண்டி கடைசிவரை கேட்டான்.

"நான் போவணுமா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க. எனக்குப் போவ இஷ்டம் இல்ல."

ஜெபகுமார் செல்போனை எடுத்தான். சண்முகசுந்தரம் கொம்பையாவின் முகத்தைப் பார்த்தான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"சே, ஒன்னயப் போவச் சொல்லுவமால?" என்றான் கொம்பையா.

"அப்போ இருக்கேன்."

கொம்பையாவுக்கு முகம் கறுத்தது. "சரிடே, எல்லாரும் நல்லா இருங்க! நானே போறேன், போதுமா?"

இதற்கு எங்களிடையே ஒரு முறை உண்டு. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துக் கெஞ்ச வேண்டும். ஜெபகுமார் கெஞ்சுவான் என்று சண்முகசுந்தரம் இருந்தான். சண்முகசுந்தரம் கெஞ்சுவான் என்று ஜெபகுமார் இருந்தான். எனக்கு எழுந்திருக்கச் சோம்பல்.

"போதும் அண்ணாச்சி. ரொம்ப நன்றி" என்றான் இசக்கிபாண்டி. கொம்பையாவின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தான். செருப்பை எடுத்து வாசலில் போட்டான்.

நிலைப்படியைத் தாண்டி நின்ற கொம்பையா திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. யாரும் அசையவில்லை.

இசக்கிபாண்டி கதவைச் சாத்தி உள்ளே பூட்டினான்.