எண்பது லிட்டர் தண்ணீர்

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டிரைவர் தொட்டியைத்தான் பார்த்தார். விடியும் முன் எடுத்த பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு வந்திருந்தார். மணி மூன்று. இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம் அது. தொட்டிக்குள் ஐந்தாவதாக ஒரு உயிர் இருந்தது. உள்ளங்கை நீளம், பளீரென்ற நீல உடம்பு, மஞ்சள் வால். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாலே வீச்சில் போனது. கண்ணாடியில் முகம் முட்டுவதற்குள் திரும்பியது. மறுபடி நாலே வீச்சில் இந்தக் கோடிக்கு வந்தது.

"எப்படி அத்தான்?" என்றான் மச்சினன். சோபாவின் ஓரத்தில், மடித்து வைத்த தன் போர்வைக்குப் பக்கத்தில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வயது ஆள். "முதல் சம்பளம். உங்களுக்குன்னு ஏதாவது வாங்கணும்னு தோணுச்சு. சட்டை எடுத்தா அக்கா நூறு குறை சொல்லுவா. உங்களுக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா என்ன?"

"எப்ப விட்டே?"

"பதினொரு மணிக்கு. பையைப் பிரிச்சு அப்படியே கவுத்துட்டேன். என்னமா ஓடுது பாருங்க."

டிரைவர் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். கடல் மீனை அப்படிக் கவிழ்க்கவே கூடாது. பையை மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டு, மணிக்கணக்கில் பழக்க வேண்டும். அது கிடக்கட்டும். இந்த ரக மீன் ஒரு அடிக்கு வளரும். அதற்கு ஆறடித் தொட்டியே பத்தாது. இதையெல்லாம் தொண்டைவரைக்கும் கொண்டுவந்து மென்று விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு மாப்ள" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது?

அந்தத் தொட்டி நாலு வருஷ உழைப்பு. எண்பது லிட்டர் பிடிக்கும். மகள் அதை 'அப்பாவோட கடல்' என்று கிண்டல் பண்ணுவாள். பாறைகளை அடுக்கி, உப்பைக் கரைத்து ஊற்றி, மீன் ஒன்றுமே விடாமல் மாதக்கணக்கில் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த காலத்தில், "எங்க வீட்டுக்காரர் தண்ணி வளர்க்கிறார்" என்று மனைவி பக்கத்து வீடுகளில் சொல்லிச் சிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் பவளங்கள் வந்தன. பிறகு இரண்டு கோமாளி மீன்கள். கடைசியாக ஓர் உளுவை மீனும், கொடுக்கை 'டக்'கென்று சொடுக்கும் ஒரு வெடியிறாலும். அந்தச் சோடிமேல்தான் அவருக்கு உயிர். இறாலுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. அதுபாட்டுக்கு மணலைத் தோண்டி வளை கட்டிக்கொண்டே இருக்கும். உளுவை வளை வாசலில் உட்கார்ந்து காவல் காக்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் மீசை ஒன்றை உளுவையின்மேல் வைத்துக்கொண்டுதான் வரும். உளுவை வாலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தால் போதும், இறால் உள்ளே போய்விடும். வேலை விட்டு வந்து ஒரு மணி நேரம் இதைப் பார்த்தால்தான் அவர் காதிலிருந்து பஸ் இரைச்சல் இறங்கும்.

நாலு உயிர், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. இதில் மட்டும் மனுஷர் படு கறார். தின்பதும் கழிப்பதும் அதே தண்ணீரில்தான். அதைச் செரித்துக் கொடுக்கிற திராணி பாறைக்கும் மணலுக்கும் ஓர் அளவோடுதான் உண்டு. கண்ணுக்கு என்னவோ தொட்டி காலியாகத்தான் தெரியும். வருகிறவர்கள் எல்லாம், "இவ்வளவு இடம் கிடக்கே, இன்னும் ரெண்டு விடலாமே" என்பார்கள். "இடம் கண்ணாடிக்குள்ள இல்லீங்க, தண்ணிக்குள்ள இருக்கணும்" என்பார் அவர். அவர்களும் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள்.

இந்தக் கறாரெல்லாம் தொட்டியோடு சரி. அவருடைய பஸ்ஸுக்குள் 'உட்கார 44, நிற்க 20' என்று எழுதியிருக்கும். இருபத்தாறு வருஷமாக அதைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு வரும். காலை எட்டு மணிக்கு எள் விழ இடமிருக்காது. அப்போதும் நிறுத்தத்தில் பத்துப் பேர் கை காட்டுவார்கள். நிறுத்தாமல் போக அவருக்குக் கால் வராது. வீட்டிலும் அதே கதைதான். ஓர் அறையில் பரீட்சைக்குப் படிக்கிற மகள், இன்னொன்றில் அவரும் மனைவியும். கூடத்தில் ஒரு பக்கம் தொட்டி, மறுபக்கம் அவருடைய அப்பாவின் கட்டில். அப்பா வந்து இரண்டு வருஷமாகிறது. கண் வெளிச்சத்தையும் நிழலையும்தான் பிரித்துக் காட்டும். ஏழு மாதத்துக்கு முன்னால் மச்சினன் வந்தான். செல்போன் ரிப்பேர் கடையை மூடியாயிற்று, கட்டினவளும் பிறந்த வீட்டுக்குப் போயாயிற்று. "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன் அத்தான்" என்றான். அந்த ஒரு வாரம்தான் இன்னும் முடியவில்லை. ஒரே குளியலறை. காலையில் டிரைவர் பல்துலக்குவதே சமையலறைத் தொட்டியில்தான். ஆனால் ஒரு நாள், ஒரு சொல், முகம் கோணிச் சொன்னதில்லை.

நீல மீன் வந்த மறுநாளே அவருடைய பாடு தொடங்கியது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளித் தண்ணீர் மாற்றினால் போதும். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்ற வேண்டியிருந்தது. வேலை விட்டு வந்து, உப்பை அளந்து கரைத்து, அது தெளியும்வரை காத்திருந்து, பழைய தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, புதியதை ஊற்றி நிமிரும்போது முதுகு தனியாகக் கழன்று வந்துவிடும்போல இருக்கும். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார். மஞ்சளாக இருக்க வேண்டியது, கழிவு மிஞ்சியதால் பச்சைக்கு மாறும். பவளங்கள் வாயை மூடிக்கொண்டன. கோமாளிகள் இரண்டும் மேல்மூலையில் ஒண்டிக்கொண்டன. நீல மீன் சும்மா இருந்தால்தானே? பாவம், அதையும் சொல்லிக் குற்றமில்லை. நீந்தப் பிறந்த ஜென்மம், நாலு வீச்சில் உலகம் முடிந்துவிடுகிறது. அது ஒவ்வொரு முறை தலைக்கு மேலே கடக்கும்போதும் உளுவை வளைக்குள் பாய்ந்தது. பத்து நாளில் வெளியே வருவதையே விட்டுவிட்டது. காவல் இல்லாமல் இறாலும் வரவில்லை. தோண்டி ஒதுக்க ஆளில்லாமல் வளை வாசல் மணல் சரிந்து மூடிக்கொண்டே வந்தது.

மச்சினனுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. அவனுக்கு மீன் கிடங்கு ஒன்றில் மாலை ஆறு மணி ஷிஃப்ட். பகலெல்லாம் வீட்டில்தான் இருந்தான். அப்பாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போவான், பால்கனியில் கொண்டுபோய் உட்கார வைப்பான். ஆள் குள்ளம் என்பதால் பெரியவருக்குத் தோதாகப் போயிற்று. அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. அந்தக் கையை அவன் தோளில் வைத்துக்கொண்டு, "வலப்பக்கம் ஸ்டூல் மாமா, இங்க படி மாமா" என்று அவன் சொல்லச் சொல்ல, தேர் நகர்கிற மாதிரி இரண்டு பேரும் நகர்வார்கள். டிரைவர் இதைத் தினமும் பார்த்தார். கையில் வாளி இருந்தது. பார்த்ததோடு சரி.

மூன்றாவது வாரம் சமையலறையில் மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், அப்போதுதான் வந்திருந்தாள்.

"அந்த மீனு ஒத்துக்கலையா?"

"அது ஒத்துக்கும். மத்ததுதான் போயிடும்."

"கடையில திருப்பிக் குடுத்துட வேண்டியதுதானே?"

"உன் தம்பி ஆசையா வாங்கினது."

"அதுக்காக? நீங்க இப்படி வாளி தூக்கித் தூக்கியே சாகப்போறீங்க." கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, "ஆனா பார்த்துச் சொல்லுங்க. அவன் இப்பதான் தலையை நிமிர்த்தியிருக்கான்" என்றாள்.

பார்த்துத்தான் சொன்னார். அதற்காகவே ஒரு நாள் லீவு போட்டு, அவனைத் தொட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, குப்பியில் பச்சைத் தண்ணீரைக் காட்டி, பக்குவமாக எடுத்துச் சொன்னார். மீன்மேல் தப்பில்லை, வாங்கினவன்மேலும் தப்பில்லை. தொட்டி சின்னது. நாலு உயிர் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர், ஐந்தாவது வந்ததும் மூச்சுத் திணறுகிறது. தான் ஒருத்தன் எவ்வளவுதான் தண்ணீர் மாற்றுவது? வளை தூர்ந்துபோனதையும் காட்டினார். பேசப் பேச, மூன்று வாரத்து அலுப்பெல்லாம் குரலில் ஏறிவிட்டது. "முடியல மாப்ள. நெஜமாவே முடியல என்னால" என்று முடித்தார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு மனுஷனைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மச்சினன் குப்பியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே அத்தான். நான் என்ன வேத்து ஆளா?"

அன்றைக்கே அவனே மீனைப் பிடித்து, பையில் போட்டு, கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். பெரிய தொட்டி வைத்திருக்கிற ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு போனானாம். பக்கத்தில் இருந்த குழந்தை ஊர் வந்து சேரும்வரை அதோடு பேசிக்கொண்டே வந்ததாம். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்பாடா என்று இருந்தது டிரைவருக்கு.

வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "கிடங்குக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் இருக்கு அத்தான். ரெண்டு பசங்க இருக்காங்க, மூணாவது ஆள் தேடுறாங்க. ஞாயித்துக்கிழமை நானும் கிளம்பலாம்னு பார்க்கிறேன்" என்றான்.

டிரைவர் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருந்தார். 'நானும்' என்ற சொல் காதில் விழுந்தது. உடனே எழுந்து, என்ன மாப்ள பேசுற, அது மீனு, நீ இந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லியிருக்க வேண்டும். 'இரு' என்ற ஒரே ஒரு சொல் போதும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. அலுப்பு. காலையில் குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டாம் என்ற நினைப்பு ஒன்று எங்கிருந்தோ வந்து, நெஞ்சில் சுகமாக உட்கார்ந்துவிட்டது. அந்தச் சுகத்தை நினைத்து அவருக்கே வெட்கமாகப் போயிற்று. ஆனாலும், "சரி, பார்த்துக்க. எது வேணும்னாலும் கேளு" என்றுதான் வாயில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி, ஒரு பை, அந்தப் போர்வை. அவ்வளவுதான் அவன் சொத்து. மனைவி வாசல்வரை போய்த் தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பாத்திரம் தேய்த்தாள். "போயிட்டு வர்றேன் மாமா" என்று அவன் காலைத் தொட்டபோது அப்பா, "சாயங்காலம் வர்றப்ப சவரக் கத்தி வாங்கிட்டு வா" என்றார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

மறுநாள் டிரைவர் மூன்று மணிக்கு வந்தார். வீடு அகலமாகியிருந்தது. சோபாவில் போர்வை இல்லை. அப்பா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். குப்பியில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டார். மஞ்சள், சுத்தமான மஞ்சள். பவளங்கள் விரிந்திருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துச் சரிந்த மணலுக்குள்ளிருந்து உளுவை தலையை நீட்டியது. இப்படிப் பார்த்தது, அப்படிப் பார்த்தது. முழுசாக வெளியே வந்து வாசலில் உட்கார்ந்தது. பின்னாலேயே இறால் ஒரு கை மணலைத் தள்ளிக்கொண்டு வந்து, மீசையை அதன் வாலில் வைத்தது. வாரக்கணக்கில் கேட்காத 'டக்' சத்தம் தொட்டிக்குள்ளிருந்து கேட்டது. டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அப்பா எழுந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து நின்று, வலது கையைச் சோபாப் பக்கமாக நீட்டினார். எந்த உயரத்தில் தோள் இருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். அந்த உயரத்திலேயே அது இடமும் வலமும் துழாவியது. சோபாவின் முதுகைத் தொட்டது, விட்டது, மறுபடி துழாவியது.

"எங்கப்பா போயிட்ட? அவசரம்."

டிரைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய் முன்னால் நின்றார். கை அவருடைய முழங்கைக்கு மேலே பட்டது. சட்டைத் துணியைத் தடவிப் பார்த்தது.

"நீயா?"

"நான்தாம்பா. வாங்க."

கை தோளைத் தேடி மேலே ஏறப் பார்த்தது. பாதியில் வலித்து நின்றுவிட்டது. "எட்டலைடா" என்றார் அப்பா.

டிரைவர் முழங்காலைக் கொஞ்சம் மடக்கினார். போதவில்லை. இன்னும் கொஞ்சம் மடக்கினார். காலையிலிருந்து கிளட்சை மிதித்த இடதுகால் நடுங்கியது. கை தோளில் வந்து உட்கார்ந்தது. அப்படியே, முழுசாக உட்காராமலும் நிற்காமலும், அவர் ஓர் எட்டு வைத்தார்.

"வலப்பக்கம் என்ன இருக்கு?" என்றார் அப்பா.

"ஸ்டூல்" என்றார் டிரைவர்.