அப்பா பத்தினவர்

கிணற்றடியில் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வாளி தண்ணீரில் விழும் சத்தமும், "காலைப் பிடி, காலைப் பிடி" என்று சித்தப்பா செல்லத்தம்பி கத்துவதும் அறைக்குள் கேட்டன. உடுப்பு எடுத்துவர அனுப்பப்பட்ட தவமலர் அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு, செத்தவருடைய சட்டைப் பைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைச் சட்டையில் ஒன்றுமில்லை. கோடு போட்டதில் கசங்கிய பஸ் டிக்கட் துண்டு ஒன்று. கதவுக்குப் பின்னால் ஆணியில் அவர் நடக்கப் போட்டுக்கொண்டு போகும் காக்கிக் காற்சட்டை தொங்கியது. அதற்குள் கைவிட்டபோது தட்டுப்பட்டது. கைலேஞ்சித் துணியில் சுற்றிய சிகரட் பெட்டி. திறந்து பார்த்தாள். பாதிதான் இருந்தது.

அவளுக்கு நிம்மதி வந்தது. செத்த வீட்டில் அப்படியொரு நிம்மதி வரக்கூடாதுதான். வந்தது.

நெருப்புப்பெட்டியையும் தேடினாள். அகப்படவில்லை. யாரிடமாவது வாங்கிப் பற்றவைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். மனிதர் கெட்டிக்காரர். பெட்டியை இருந்தபடியே காற்சட்டைக்குள் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையையும் வேட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவர் பொய் சொல்லியிருக்க வேண்டும். அது பொய்யாக இல்லாவிட்டால், அவரைக் கொன்றவள் அவள்.

சோமசேகரம் மூதூருக்கு ஓடும் லோஞ்சுப் படகில் எஞ்சின் பார்த்தவர். வாலிப வயதிலிருந்தே மூக்கால் டீசல் புகையும் வாயால் சிகரட் புகையும் இழுத்தவர். நுரையீரலில் கட்டி என்று கொழும்பில் கண்டுபிடித்தார்கள். புற்றுநோய்தான், ஆனாலும் வெட்டி எடுக்கலாம் என்றார் பெரிய டொக்டர். வெட்டியபின் மிச்சத்தை வைத்துக்கொண்டு மூச்சுவிடத் தெம்பு வேண்டுமாம். அதனால் முதலில் சிகரட்டை அடியோடு விட வேண்டும். தினமும் ஏற்றத்தில் நடக்க வேண்டும். சேலைன் குழாயின் ஒரு முனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டு, மற்ற முனையால் குமிழி வரும்படி ஊத வேண்டும். அடுத்த முறை வரும்போது ஆஸ்பத்திரி மாடிப்படியை நிற்காமல் ஏறிக் காட்ட வேண்டும். புகைத்துக்கொண்டு வந்தால் கத்தியைத் தொடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியனுப்பினார்.

வீட்டுக்குக் கிட்ட ஏற்றமான தெரு என்று ஒன்றுதான் இருந்தது. அது துறைமுகக் கரையோரமாக, நேவிக்காரரின் காவல் சென்றிக்கு அங்கால் போகிற தெரு. சண்டை தொடங்கியபின் ஊர்ச்சனம் அதில் கால் வைப்பதில்லை. சோமசேகரம் மட்டும் தினமும் காலையில் அதில் ஏறி இறங்கினார். எப்படி விடுகிறார்கள் என்று கேட்டால், "வருத்தக்காரன் எண்டு சொன்னனான்" என்பார். அதற்கு மேல் கதை இல்லை.

சட்டையைத் தோய்க்கப் போட்டபோதுதான் தவமலர் முதல்முறை பெட்டியைக் கண்டாள். அன்றிலிருந்து அவர் குளிக்கும் நேரத்தில் எடுத்துப் பார்ப்பாள். பெட்டி நாளுக்கு நாள் இளைத்தது. தீர்ந்தால் புதுப்பெட்டி வந்தது.

"அப்பா, சிகரட் பத்துறியளோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப இது?"

"அது எனக்கில்லை."

"வேற ஆருக்கு?"

அவர் போத்தலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஊதத் தொடங்கினார். குழாயை வாயில் வைத்திருக்கிறவரிடம் பதில் வாங்க ஏலாது.

தெரு முனையில் கடை வைத்திருந்த ஸைனுலாப்தீனிடம் போய்க் கேட்டாள். "நானா, அப்பாவுக்குச் சிகரட் குடுக்கிறியளா?"

"குடுக்கிறன் மகள். ஏன் பொய் செல்ல? ஆனா அவர் பத்துறத நான் காணல்ல."

விற்கிறவன் வேறு என்ன சொல்வான் என்று திரும்பி வந்தாள். பக்கத்து வீட்டுச் சிவகாமிப்பிள்ளை வேலிக்கு மேலால் கூப்பிட்டு வேறொரு கதை சொன்னாள். "கொப்பர் நேவிக்காரனோட நிண்டு கதைக்கிறாராம். கண்ட ஆக்கள் சொல்லுதுகள். காலம் சரியில்லை, கவனம் பிள்ளை." அப்படிக் கதைத்த ஒருவரைப் போன மாதம் கட்டைபறிச்சான் பக்கம் இயக்கக்காரர் சுட்டு விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். கழுத்தில் ஒரு மட்டையில் காரணம் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அதன்பிறகு அவள் அப்பாவை இரண்டு கண்ணாலும் பார்த்தாள். ஒன்று சிகரட்டைத் தேடியது. மற்றது எதைத் தேடியது என்று அவளுக்கே சொல்லப் பயம்.

தவணைக்குக் கொழும்பு போனபோது சோமசேகரம் மாடிப்படியை நிற்காமல் ஏறினார். மேலே போய் நின்று, பரிசு வாங்கப் போகிற பள்ளிப்பிள்ளை மாதிரி மகளைத் திரும்பிப் பார்த்தார். டொக்டர் புகைப்பதைப் பற்றிக் கேட்டார். "தொடுறதே இல்லை" என்றார் அப்பா. டொக்டர் மகளைப் பார்த்தார்.

"இல்லை டொக்டர். இன்னும் பத்துறார். பொக்கற்றில பெட்டி இருக்கு" என்றாள் தவமலர்.

நல்லதுக்குத்தான் சொன்னாள். வெட்டுகிறவருக்கு உண்மை தெரிய வேண்டும் என்று சொன்னாள். டொக்டர் பெட்டியை வாங்கிப் பார்த்தார், மேசையில் வைத்தார், தவணையைத் தள்ளிப்போட்டார். திருகோணமலைக்குத் திரும்பும் வழியில் அப்பா ஹபரணையில் இறங்கி அவளுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கவில்லை. மறுநாள் காலை மறுபடி நடக்கப் போனார். காற்சட்டைப் பையில் மறுபடி ஒரு பெட்டி இருந்தது.

தள்ளிப்போட்ட தவணை வரவில்லை. இன்று காலை குசினிப் படியில் இருந்து போத்தலை ஊதிக்கொண்டிருந்தவரின் தண்ணீர் முதலில் ரோசாவானது, பிறகு சிவந்தது. வாயாலும் மூக்காலும் வந்த இரத்தத்தை அம்மா குணமணி சேலைத் தலைப்பால் பொத்தினாள். ஆஸ்பத்திரிக்கு வான் பிடிக்க ஓடிய சித்தப்பா வானோடு வந்தபோது வானுக்கு வேலை இருக்கவில்லை.

குளிப்பாட்டி உடுத்தி விறாந்தையில் கிடத்தியாயிற்று. அப்போதுதான் அடுத்த சிக்கல் வந்தது. சுடலைக்குப் போகும் பெரிய தெருவில் காலையிலிருந்து ஆமியின் சுற்றிவளைப்பு. கரைத் தெருவால் கொண்டுபோகலாம், ஆனால் சென்றியில் போய்க் கேட்க வேண்டும்.

"நான் போனா உள்ளுக்கு வைச்சிடுவாங்கள்" என்றார் சித்தப்பா. "பிறகு ரெண்டு பாடை கட்டவேணும்."

"உன்னைப் பிடிச்சுச் சோறு போட்டு அவங்களுக்குக் கட்டுமே?" என்றாள் சிவகாமிப்பிள்ளை, அழுகையை நிறுத்தி.

"அப்ப நீ போவன் மச்சாள்."

"நான் போறன்" என்றாள் தவமலர். அந்த வருடங்களில் படலையைத் தாண்டிப் போய்க் கேட்கிற வேலையெல்லாம் பெண்களுடையது. யாரும் மறிக்கவில்லை.

அடையாள அட்டையை எட்டத்திலிருந்தே தெரியும்படி பிடித்துக்கொண்டு நடந்தாள். மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு நேவிக்காரன் எழும்பினான். அரும்பு மீசை, கன்னமெல்லாம் பரு. துவக்கு மட்டும் வயதுக்கு மூத்ததாக இருந்தது. அப்பா செத்துவிட்டார், இந்த வழியால் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். அவன் அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தான். சோமசேகரம் என்ற இடத்தில் அவன் விரல் நின்றது.

"அங்கிள்?" என்றான். துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, மூச்சை நிறைய இழுத்து, கன்னம் உப்ப மெதுவாக ஊதிக் காட்டினான். ஏற்றத்தில் ஏறுமுன் அப்பா செய்கிறது அப்படியே.

அவள் தலையாட்டினாள்.

அவன் தெருவைப் பார்த்தான். "இண்டைக்கு அங்கிள் வரல்ல" என்றான் தமிழில். "நான் பாத்தது."

தவமலர் வழியைப் பற்றித் திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்டதற்கு அவன் இன்னும் ஓம் என்று சொல்லவுமில்லை, இல்லை என்று சொல்லவுமில்லை. ஆனால் அவள் வேறொன்றைக் கேட்டாள். "அப்பா இதில நிண்டு சிகரட் பத்தினவரா?"

அவனுக்கு விளங்கவில்லை. உதட்டில் இரண்டு விரலை வைத்துக் காட்டினாள்.

"நே, நே. அங்கிள் குடிக்க இல்ல. அங்கிள் எனக்கு தாரது. ஒவ்வொரு நாளும் தாரது, நான் விடுறது." ஏற்றத்தைக் காட்டினான். "நான் குடிச்சா அங்கிள் அங்கால போறது. புகை வராம காத்து பாத்து, அங்கால நிக்கிறது."

"ஒண்டு கூடப் பத்தேல்லையா?"

"நே."

"பொய் சொல்லாத."

அவன் முகம் மாறியது. பின்னால் இருந்த அதிகாரியின் கூடாரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சேர்ட்ட சொல்ல வேணாம், அக்கே. சிகரட் வாங்கிறது தெரிஞ்சா என்னை மணலாறு சண்டைக்கு அனுப்பும். சொல்ல வேணாம்."

அவன் மறுத்தபோது அவள் நம்பவில்லை. கெஞ்சியபோது நம்ப வேண்டியதாயிற்று. தனக்கே கேடு வரக்கூடிய பொய்யை எவனும் இட்டுக்கட்ட மாட்டான்.

பறை வேண்டாம், வெடி வேண்டாம், ஆட்கள் கொஞ்சப் பேர் மட்டும் என்றான். சரி என்றாள். அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"என்ன சொன்னவன்?" என்று படலையிலேயே மறித்தார் சித்தப்பா.

"போகலாமாம். பறையும் வெடியும் வேண்டாமாம்."

"வெடி கொளுத்தினா அவன் திருப்பிச் சுடுவான், அது எனக்குத் தெரியாதே?" என்றுவிட்டுப் பாடைக்காரரைப் பார்க்கப் போனார்.

அம்மா தலைமாட்டில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சிவகாமிப்பிள்ளை, சுற்றிவர ஊர்ப் பெண்கள். மகளைக் கண்டதும் அம்மா கையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். கொழும்பிலிருந்து வந்த நாள் முதல் அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. கேட்கிற நேரமா என்று அவள் பார்க்கவில்லை.

"நீ டொக்டரிட்டச் சொன்னது சரிதானே பிள்ளை? அந்த மனுசன் பத்தினவர்தானே?"

சிவகாமிப்பிள்ளையின் அழுகை ஒரு படி இறங்கியது. காது இந்தப் பக்கம் திரும்பியது.

உண்மையைச் சொன்னால் சிகரட் யாருக்குப் போனது என்றும் சொல்ல வேண்டும். பொழுதுபடுமுன் அது தெருவெல்லாம் போகும். சோமசேகரம் நேவிக்காரனுக்கு ஆள் என்று ஆகும். பாடையைத் தூக்க ஆள் வராது. அது ஒரு காரணம். அந்தக் காரணம் கைக்கு அகப்பட்டதில் தவமலருக்கு எவ்வளவு ஆறுதல் இருந்தது என்பது வேறு விசயம்.

"ஓம் அம்மா" என்றாள். "பத்தினவர்."

அம்மா பிணத்தின் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "சாகுமட்டும் எனக்குப் பொய் சொன்னியே, களவாணி மனுசா! நீ ஊதின புகையில என்ர குடி எரிஞ்சு போச்சே!" அதையே ஒப்பாரியாக இழுத்தாள். மற்றப் பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மறைத்து ஊதினவன், மகள் சொல்லியும் கேளாதவன் என்று பத்துப் பன்னிரண்டு குரல்கள் ஒன்றாகச் சோமசேகரத்தை ஏசி அழுதன. அவர் மூக்கில் பஞ்சோடு கேட்டுக்கொண்டிருந்தார். பாடை எழும்பும்வரை அந்த அழுகைதான்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தார்கள். பாரை மீன் குழம்பு, இறால் பொரியல், முருங்கைக்காய். மாலையில் அறைக்குள் விளக்கேற்றி, அவர் இருந்து சாப்பிடும் இடத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்துப் படைத்தார்கள். படைத்தபின் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போக வேண்டும். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போவார். அறைக்குள் மூன்று பெண்கள் மட்டும் நின்றார்கள்.

"பொறு" என்றாள் அம்மா. "அதையும் வைக்கவேணும். அந்த ஆசையோட போன மனுசன். வைக்காட்டி சுத்திக்கொண்டு திரிவார்." முற்றத்தில் நின்ற செல்லத்தம்பியிடம் ஒரு சிகரட் கேட்டு வாங்கி வந்து மகளிடம் நீட்டினாள். "நீ வை. உனக்குத்தானே ஒளிச்சவர்."

தவமலர் அதை விளக்குச் சுடரில் பிடித்தாள். முனை கருகியது. நெருப்பு ஏறவில்லை. திருப்பிப் பிடித்தாள். கடதாசி சுருண்டதுதான் மிச்சம்.

"அப்பிடிப் பத்தாது பிள்ளை" என்றாள் சிவகாமிப்பிள்ளை. "வாயில வைச்சு இழுக்கவேணும். என்ர மனுசனுக்குக் கை நடுங்கத் தொடங்கின பிறகு நான்தானே பத்திக் குடுத்தனான்."

அம்மா விளக்கைத் தூக்கிக் கிட்டப் பிடித்தாள்.

தவமலர் சிகரட்டை உதட்டில் வைத்துக் குனிந்து இழுத்தாள். முனை சிவந்தது. புகை தொண்டையை உரசிக்கொண்டு நெஞ்சுக்குள் இறங்கியது. இருமலை அடக்கி, வாயை இறுக மூடிக்கொண்டு, சிகரட்டை இலையின் ஓரத்தில் வைத்தாள். பிறகு நெருப்பு வெளியே பார்க்க, உதட்டு ஈரம் பட்ட பக்கம் அவர் இருக்கும் பக்கமாக வரும்படி விரல் நுனியால் திருப்பினாள்.