பக்கத்துக்கு முப்பது வரி

விடிகாலை ஐந்து மணிக்கு டயர் கடையின் பக்கவாட்டுப் படியில் ஏறினால், கடைசிப் படிக்கு முன்னாலேயே அந்தச் சத்தம் காதில் விழும். தகரக் கூரையில் தூறல் பிடித்தது போன்ற சத்தம். உள்ளே பத்துப் பெண்கள் தட்டச்சு செய்துகொண்டிருப்பார்கள்.

நீதிமன்றத்தில் பதிவான சாட்சியங்களைக் கேட்டு எழுத்தாக்கும் கூடம் அது. தலையில் ஹெட்போன், வலது காலடியில் ஒரு பெடல். அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் தட்டினால் நான்கு நொடி பின்னால் போகும். ஊர் புரண்டு படுக்கும் அந்த நேரத்தில், கத்திக்குத்து வாங்கியவனும் நிலத்தைப் பறிகொடுத்தவனும் கட்டியவனிடம் அடிபட்டவளும் அவர்கள் காதுக்குள் வந்து அழுதுவிட்டுப் போவார்கள். அழுகையை எழுதக் கூடாது. சொல்லை மட்டும் எழுத வேண்டும். ஒன்பதரைக்குள் எல்லாம் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எட்டு மணிக்கே விரல் நுனி மரத்துவிடும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்.

பக்கத்துக்கு முப்பது வரி. இடது ஓரத்தில் ஒன்று முதல் முப்பது வரை எண். 'பக்கம் பன்னிரண்டு, வரி ஏழு' என்று வக்கீல் விரல் வைத்தால் அந்தச் சொல் அங்கே இருந்தாக வேண்டும். ஒரு வரி நழுவினால் அதற்குப் பின்னால் வருகிற அத்தனையும் நழுவும்.

முதலாளி யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேசை எண்தான். "மூணு, சத்தத்தைக் குறை." "அஞ்சு, நேத்து ரெண்டு பக்கம் கம்மி." அஞ்சு என்பவள் கண்ணாடிக்காரி, கூடத்திலேயே பழையவள். மூணு வாயாடி. ஆறாம் மேசைக்காரியைக் கூடம் முழுவதும் 'அண்ணி' என்றது. அதற்குக் காரணம் ஏழாம் மேசை. அங்கே உட்கார்ந்திருந்தவள் அவளுடைய நாத்தனார். புருஷன் போனபின் ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அண்ணன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில் கிடப்பான். அண்ணிதான் அவளைக் கூட்டிவந்து பக்கத்து மேசையில் உட்கார வைத்தாள். வாய்க்கு வாய் அவள் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் மற்றவர்களுக்கும் அதுவே தொற்றிக்கொண்டது.

ஏழாம் மேசைக்கு ஒரு பழக்கம். திரையில் விரல் வைத்து வரி எண்ணுவாள். ஓரத்தில் எண் இருக்கிறதே என்றால் நம்ப மாட்டாள். தினமும் முதல் பக்கம் தொடங்குமுன் கேட்பாள்: "முப்பதா அண்ணி, முப்பத்திரண்டா?"

"ரெண்டு வருஷமா முப்பதுதான்டி."

"மாத்தியிருந்தாங்கன்னா?"

மாற்றம் வந்தது, ஆனால் வரியில் வரவில்லை. ஒரு நாள் முதலாளி கையில் ஒரு காகிதத்தோடு வந்து கூடத்தின் நடுவில் நின்றார். பத்து கணினியிலும் ஓடிக்கொண்டிருந்த ஆபீஸ் மென்பொருள் திருட்டுப் பிரதி. அதைத் தயாரிக்கும் நிறுவனத்திலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது.

"இனிமே மாசா மாசம் காசு கட்டித்தான் இதை ஓட்டணும். அவங்கவங்க மேசைக்கு அவங்கவங்க சம்பளத்துல புடிச்சுக்குவேன்."

தொகையைச் சொன்னார். மூன்று நாள் கூலி.

"அடுப்பு உங்களுது, சோறு உங்களுது, வெறகு மட்டும் எங்களுதா சார்?" என்றாள் வாயாடி.

"கசக்குதுன்னா எந்திரிச்சுப் போ, மூணு. நாளைக்கே உன் எடத்துல ஒருத்தி உக்காருவா."

அன்று வேலை முடிகிற நேரத்தில் அண்ணி நாத்தனாரின் பக்கம் சாய்ந்தாள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர். ஆறு நாள் கூலி போகும். முடித்த பக்கங்களை அனுப்புவதற்காக ஏழாம் மேசையில் மட்டும்தான் இணையம் இருந்தது. "சும்மாவே கிடைக்குமாம், சொல்லிக்கிறாங்க. தேடிப் பாத்து இறக்கிடேன்."

"அவருகிட்ட கேக்க வேணாமா?"

"கேட்டா குடுத்துருவாரு பாரு. இறக்கு, நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன்ல. எத்தனையோ நாள் கழித்தும் அண்ணியின் காதில் பெடல் இல்லாமலே பின்னால் போய்ப் போய் ஓடிய சொல் அது.

மறுநாள் காலை நாத்தனார் தேடினாள். முதலில் வந்த வரியைத் தொட்டாள். 'முழுப் பதிப்பு, முற்றிலும் இலவசம்' என்று பச்சையாக ஒரு பொத்தான். அழுத்தினாள். பத்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பத்து கணினியும் ஒன்றோடொன்று இணைந்தவை; முதலாம் மேசையிலிருந்து ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். கோப்புகளின் பெயர்களெல்லாம் கிறுக்கலாக மாறின, எதுவும் திறக்கவில்லை. திருத்தத்துக்காக வைத்திருந்த நான்கு நாள் சாட்சியம் போயிற்று.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஏழாம் மேசைக்குப் பின்னால் வந்து நின்று கேட்டார்: "யாரு சொல்லி இறக்கினே?"

அவள் தலையைத் திருப்பி அண்ணியை ஒரு தரம் பார்த்தாள். அண்ணியின் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே இருந்தன. கண் திரையில் இருந்தது. இரண்டு சம்பளமும் போனால் வீடு நிற்காது, ஒன்றாவது மிஞ்சட்டும் என்று மனம் கணக்குப் போட்டது. கணக்கு சரிதான்.

"யாரும் சொல்லல. நானாத்தான் பண்ணேன்."

"எந்திரி, ஏழு."

தன் ஹெட்போனின் கம்பியைச் சிக்கில்லாமல் சுற்றி மேசையில் வைத்துவிட்டு அவள் படியிறங்கினாள்.

ஊரெல்லாம் வேலை கேட்டுப் பார்த்தாள். வேலையிலிருந்து விரட்டப்பட்டவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு நாள் பயணத் தூரத்தில் மீன் பதப்படுத்தும் ஆலையொன்றில் ஆள் எடுத்தார்கள். தங்க இடம் உண்டு, குழந்தைக்கு இடமில்லை.

போகிற அன்று அவள் ஏசிவிட்டுப் போவாள் என்று அண்ணி காத்திருந்தாள். ஏன் வாயைத் திறக்கலை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பாள். அவள் கேட்கவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "புள்ளைக்கு ஞாயித்துக்கிழமை நகம் வெட்டிவிடுங்க அண்ணி. தூங்கும்போது வெட்டுங்க, முழிச்சிருந்தா அழுவா" என்றாள். அவ்வளவுதான்.

கூடத்தில் எல்லாரும் இன்னும் 'அண்ணி' என்றே கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லை முதலில் சொன்னவள் மட்டும் இல்லை. ஞாயிறு தோறும் அவளிடமிருந்து போன் வரும். குழந்தையோடு பேசுவாள், வைத்துவிடுவாள். ஏழாம் மேசைத் திரையில் அவள் விரல் பட்ட தடங்கள் ஏணிப்படி மாதிரி கீழ்நோக்கி இறங்கியிருந்தன. துடைக்க வந்த பெண்ணை அண்ணி தடுத்தாள்.

மென்பொருளுக்கான பிடித்தம் தொடங்கியது. அந்த மாதம் அண்ணி பொது நூலகத்துக்குப் போனாள். அங்கே ஓர் உறுப்பினர் அட்டைக்கு ஒரு மணி நேரம் கணினி தருவார்கள். தேடு பெட்டியில் 'இலவச ஆபீஸ்' என்று அடித்தாள். அதே பச்சைப் பொத்தான் முதலில் வந்தது. விசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் எட்டிப் பார்த்தாள். "அது விளம்பரம். முதல்ல வர்ற மூணு நாலும் அப்படித்தான். சந்தையில கையைப் புடிச்சு இழுக்கிறவன் கடைக்குள்ளயா முதல்ல நுழைவீங்க?"

"சும்மா குடுக்கிறது எல்லாமே இப்படித்தானாங்க?"

"அப்படி இல்ல. எதுக்குக் கேக்கிறீங்க? படிக்கிற புள்ளைக்கா, வேலைக்கா? படிக்கிறவங்களுக்கு அந்தக் கம்பெனியே சலுகை தரும். இணையத்துல வெச்சு எழுதுறதுக்குச் சின்னப் பதிப்பு ஒண்ணு சும்மாவும் இருக்கு. ஆனா நெட் நின்னா அதுவும் நின்னுடும். வேலைக்குன்னா கட்டற்ற மென்பொருள் இருக்கு. நாங்களே அதைத்தான் வெச்சிருக்கோம். உலகம் பூரா ஆயிரம் பேரு சேந்து செஞ்சு பொதுவுல வெச்சது. பத்து மெஷினோ நூறு மெஷினோ, தாராளமாப் போட்டுக்கலாம். திருட்டும் இல்ல, சந்தாவும் இல்ல. ஒண்ணுதான் கவனிக்கணும், அதோட சொந்தத் தளத்துலேர்ந்து இறக்கணும்."

அந்தப் பெண் தளத்தின் முகவரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அண்ணி அதை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். விரல் அகலக் காகிதம். ஒரு மாதம் முன்னால் கிடைத்திருந்தால் ஒரு குழந்தை தாயோடு படுத்திருக்கும்.

சும்மா கிடைத்ததும் சுலபமாகப் படியவில்லை. சாட்சியப் பக்கத்தைப் புதிய மென்பொருளில் திறந்தபோது எழுத்து மாறிக்கொண்டது, வரி கொஞ்சம் உப்பியது; முப்பதாம் வரி அடுத்த பக்கத்துக்குத் தாவியது. அண்ணி கண்ணாடிக்காரியிடம் சொன்னாள். அவள் வாயாடியை இழுத்துவந்தாள். மூன்று அட்டை, ஞாயிறு தோறும் மூன்று மணி நேரம். ஒருத்தியின் நேரம் முடிந்ததும் அடுத்தவள் தன் அட்டையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுத்துருவை மாற்றி, வரி இடைவெளியை இத்தனை புள்ளி என்று கட்டிப்போட்டு, ஓரத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார்கள்.

"கல்யாணத்துக்குப் பொருத்தம் பாத்தப்பக்கூட இவ்வளவு பாக்கல" என்றாள் வாயாடி.

"அதான் தெரியுதே" என்றாள் கண்ணாடிக்காரி.

நான்காம் ஞாயிறு ஒரு மாதிரிப் பக்கம் அமைந்தது. அண்ணி திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழாக எண்ணினாள். ஓரத்தில் எண் இருந்தது. இருந்தும் எண்ணினாள். முப்பது. பக்கத்தில் இருந்த இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

பக்கத்தைக் காட்டியதும் முதலாளிக்கு மகிழ்ச்சி. ஒன்பது கணினியிலும் புதியதைப் போட்டார். நீதிமன்றம் பக்கங்களை ஏற்றுக்கொண்டது. நிறுவனத்துச் சந்தாவை ரத்து செய்தார். மாதம் முடிந்து சம்பளக் கவர் வந்தபோது, பிடித்தம் மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை ஏழரைக்கு அவர் மேலே வந்தபோது கண்ணாடிக்காரி ஹெட்போனைக் கழற்றினாள். "சாப்ட்வேருக்குன்னு புடிச்சீங்க. இப்பத்தான் அது சும்மா வந்திருச்சே சார்."

"சாப்ட்வேர் சும்மா. கரண்ட் சும்மாவா? எடம் சும்மாவா? ஏழு பண்ணின நஷ்டத்துக்கு யாரு பொறுப்பு?"

"செத்த மாட்டுக்கு மாசா மாசம் புல்லு வாங்கறீங்க, எங்க காசுல" என்றாள் வாயாடி.

"நஷ்டத்துக்கு யாரு பொறுப்புன்னு நான் சொல்றேன்" என்று கண்ணாடிக்காரி எழுந்தாள். "மெஷின்ல வைரஸ் தடுப்பு இருந்துச்சு. திருட்டுப் பிரதி ஓட மாட்டேங்குதுன்னு அதை அணைக்கச் சொன்னது நீங்க. நீங்க கூட்டிட்டு வந்த மெக்கானிக் என் கண்ணு முன்னாலதான் அணைச்சான். பூட்டை நீங்க கழட்டிட்டு, திருடன் வந்ததுக்கு அவளை வெரட்டினீங்க."

"இறக்கினது அவதானே?"

அண்ணி எழுந்தாள். கால் இன்னும் பெடலில் இருந்தது. ஹெட்போனில் யாரோ ஒரு சாட்சி பேசிக்கொண்டே இருந்தான். காலை எடுத்தாள்.

"இறக்கச் சொன்னது நான் சார். அவ கேட்டா, சாரைக் கேக்க வேணாமான்னு. நான்தான் வேணாம்னேன். நீங்க வந்து கேட்டப்போ அவ என்னைப் பாத்தா. நான் திரையைப் பாத்தேன்." அவள் முதலாளியைப் பார்த்துச் சொல்லவில்லை. மற்ற எட்டுப் பேரையும் பார்த்துச் சொன்னாள். "என்னைக் காப்பாத்திட்டு அவ போயிட்டா. நான் வாயைத் தெறக்கல."

அவள் எதிர்பார்த்த தூற்றல் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை.

"அப்ப நீயும் எந்திரி, ஆறு" என்றார் முதலாளி.

"எந்திரிச்சுத்தான் நிக்கிறா" என்றாள் கண்ணாடிக்காரி. "இப்ப உக்காருவா. நீ உக்காரு அண்ணி." தானும் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பெடலைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள். அடுத்து வாயாடி தள்ளினாள். தரையில் பெடல்கள் ஒவ்வொன்றாக உரசும் சத்தம் கேட்டது. ஒன்பது.

"பிடித்தம் நிக்கணும். ஏழாம் மேசை அவளுக்குத் திரும்ப வேணும். ரெண்டும் ஆகிற வரைக்கும் ஒரு வரி அடிக்க மாட்டோம்" என்றாள் கண்ணாடிக்காரி.

"வேற ஆளு வெப்பேன். மாதிரிப் பக்கம் என்கிட்ட இருக்கு."

"வெச்சுக்குங்க சார். நாங்க செஞ்சது, சும்மாத்தான் குடுத்தோம்" என்றாள் வாயாடி. "ஒன்பதரைக்குள்ள ஆளு கிடைச்சாச் சரி."

முதலாளி போனை எடுத்துக்கொண்டு கீழே போனார். கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. இரண்டு பேருக்கு முகம் வெளுத்திருந்தது. ஒருத்தி, தன் வீட்டில் எல்லாரும் இந்த ஒரு சம்பளத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்றாள். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

எட்டு மணி. மீன் ஆலையில் தேநீர் இடைவேளை. "கூப்பிடு" என்றாள் கண்ணாடிக்காரி. அண்ணியின் விரல் எண்ணைத் தேடித் தவறியது. வாயாடிதான் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தாள்.

பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம், இயந்திரம், யாரோ அதட்டும் குரல். பிறகு அவள். "புள்ளைக்கு என்ன ஆச்சு?"

"புள்ளை நல்லாயிருக்கு" என்றாள் அண்ணி.

"நகம் வெட்டினீங்களா?"

"வெட்டினேன். முழிச்சிருக்கும்போதே. அழல." "எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவருகிட்ட. எல்லாரும் இருக்கும்போது."

தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று வாயாடி குனிந்து பார்த்தாள்.

"இப்ப சொல்றீங்க" என்றது குரல். கோபம்கூட இல்லை அதில். களைப்பு. "நாள் பூரா ஐஸ்லயே கை கிடக்குது அண்ணி. கையெழுத்துப் போடக்கூட விரல் மடங்க மாட்டேங்குது. இனி டைப் எல்லாம் எனக்கு வருமான்னு தெரியல."

வாயாடி குனிந்து சொன்னாள்: "வேகமெல்லாம் யாரு கேட்டா? முதல்ல எண்ணறதுக்கு வா. நீ இல்லாம முப்பதா முப்பத்திரண்டான்னு ஒருத்திக்கும் நிச்சயமில்ல."

ஒரு மூச்சு கேட்டது. சிரிப்பா, மற்றதா, தெரியவில்லை. "மணி அடிச்சிட்டாங்க" என்றாள். வைக்கவில்லை. இரண்டு நொடி கழித்து, "ஞாயித்துக்கிழமை புள்ளைகிட்ட பேசினப்புறம் நீங்க போனை வாங்குங்க அண்ணி" என்றாள். பிறகுதான் வைத்தாள்.

அலுவலகத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நீதிமன்றமாக இருக்கும். யாரும் எடுக்கவில்லை. கீழே டயருக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரி எழுந்து போய், மேசைக்கு அடியில் தள்ளிக் கிடந்த ஏழாம் நாற்காலியை வெளியே இழுத்து வைத்தாள், வருகிறவள் உட்கார வசதியாக. பிறகு தன் இடத்துக்கு வந்து, மற்ற எட்டுப் பேரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.