எண்பதுக்கு ஒன்று

மால்டாவின் ஆய்ன் தூதா ஊரில் ரொட்டி சுடும் ஸ்கொலாஸ்திகா தேயுமா, பாட்டுப் போட்டியில் தன் நாடு ஜெயிக்கும் என்று தன் வீட்டைப் பந்தயத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்ட செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, தரையிலிருந்து எண்பது விரற்கடை உயர்ந்தாள். பந்தயக் கடைப் பலகையில் அன்று மால்டாவுக்குப் போட்டிருந்த விகிதம் எண்பதுக்கு ஒன்று. தையற்காரர் நாடாவை எடுத்துவந்து அளந்து பார்த்தார், கணக்கு சரியாக இருந்தது. அதே காலை தக்காளி கிலோ ஒன்றரை யூரோவுக்கு விற்றது, துறைமுகத்தில் காற்று அதிகம் என்று முதல் படகை நிறுத்திவைத்திருந்தார்கள்.

அவள் அந்தக் கடைக்குப் பந்தயம் கட்டப் போகவில்லை. ரொட்டி கொடுக்கப் போனாள். உள்ளே வரிசை நின்றுகொண்டிருந்தது, வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவளுடைய ஆட்கள், அதாவது யோவான் கிளப்காரர்கள். எங்கள் ஊரில் ஒரு கோயில், இரண்டு பேண்டு கிளப். சிவப்புக் கொடி புனித யோவானுக்கு, நீலக் கொடி சூசையப்பருக்கு. ஒரு கிளப்காரன் செத்தால் இன்னொரு கிளப்காரன் துக்கத்துக்கு வருவான், ஆனால் காபி குடிக்கமாட்டான். அந்த வருஷம் ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு மால்டா அனுப்பிய பெண் டோரியான் ராப்பா, எங்கள் ஊரில் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கும் குழாய்க்காரரின் மகள், வயது பத்தொன்பது. எங்கள் ஊர் உண்டான நாளிலிருந்து உலகம் அதன் பக்கம் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் குழாய்க்காரர் சூசையப்பர் கிளப்பில் பெரிய மேளம் அடிப்பவர். ஆகவே சிவப்புக்காரர்கள் வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராக, சொந்த நாடு தோற்கும் என்று காசு கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி ஒரு காரியத்தை உலகத்தில் வேறு யாரும் செய்யமாட்டார்கள். எங்களுக்கு அது திருவிழாவில் அடுத்த கிளப்பைவிட ஒரு வெடி கூடுதலாக வெடிப்பது போலத்தான்.

வரிசையில் முதல் ஆள் ஸ்கொலாஸ்திகாவின் தம்பி வென்சு, யோவான் கிளப்பின் தலைவர். ரொட்டிக்கூடையை மேசைமேல் வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

“ஏண்டா, அந்தப் புள்ளை உன் கண்ணு முன்னாடி வளர்ந்தவதானே? அது தோக்கணும்னு காசு கட்டறியே, உனக்கு வெக்கமா இல்ல?”

“அக்கா, நீ ரொட்டியை வெச்சிட்டுக் கிளம்பு. அவ ஜெயிச்சு வந்தா நீலக்காரன் மூணு வருஷத்துக்கு மேளம் அடிப்பான். நம்ம தெருவுல தூங்க முடியாது.”

“பாட்டை நீ கேட்டியா?”

“நீ கேட்டியா?”

“கேட்டேன். சுமார்தான். நடுவுல கத்துறா. ஆனா பொண்ணு நம்ம பொண்ணு.”

வரிசை சிரித்தது. கடையை நடத்தும் சல்வினுவும் சிரித்தான். அவன் வடக்கே எங்கோ குளிர்தேசத்திலிருந்து வந்த ஒரு கம்பெனிக்குச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன், எந்த கிளப்பிலும் இல்லாதவன், ஆகவே யாருக்கும் அவன்மேல் மரியாதை கிடையாது. “மால்டா மேல கட்டினவங்க இன்னிக்கு வரைக்கும் யாரும் இல்ல அக்கா, நீங்க வேணா தொடங்கி வையுங்களேன்” என்றான் கிண்டலாக. ஸ்கொலாஸ்திகாவுக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, குரல் தாழும். தாழ்ந்த குரலில், அப்பா தன் கையால் கல் செதுக்கிக் கட்டிய வீட்டை வைப்பதாகச் சொன்னாள். கம்பெனிக்கு இது நல்ல விளம்பரமாகப் பட்டது. நோட்டரி பஸ்கால் மிட்ஸியை வரவழைத்துப் பத்திரம் எழுதினார்கள். ஜெயித்தால் அவளுக்கு எண்பது வீட்டின் விலை வரும். ஊரில் மொத்தம் இருப்பதே எழுபத்தாறு வீடு. பேனாவைக் கீழே வைத்தவள் மேலே போனாள்.

முதல் வாரம் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. அடுப்பு தரையில் இருந்ததால் அவள் காற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு ரொட்டி சுட வேண்டியிருந்தது. கோயிலில் பாடகர் மாடத்தின் உயரத்துக்கு நின்று பூசை கண்டாள். சாமியார் ஆட்சேபிக்கவில்லை, காலுறை போட்டு வரும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி வந்தது, இனி விகிதம் என்னவென்று தெரிந்துகொள்ளக் கடைக்குப் போக வேண்டாம், ஸ்கொலாஸ்திகாவின் செருப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். போட்டி நடக்கும் வெளிநாட்டு நகரத்தில் டோரியானுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட அன்று அவள் நூற்று முப்பது விரற்கடைக்குப் போய் கூரை விட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டாள். வீங்கிய நெற்றியைப் பார்த்த குழாய்க்காரர் ராப்பா உடனே மகளுக்குப் போன் செய்து தேன் குடிக்கச் சொன்னார். டாக்டர் சொல்லியும் கேட்காத பெண், ஸ்கொலாஸ்திகாவின் நெற்றிக்காகக் குடித்தாள்.

ஒத்திகைகள் நடந்தன. மேடையில் அந்தப் பெண் கத்தும் இடத்தில் அரங்கமே எழுந்து நிற்கிறது என்ற செய்தி வந்தது. நாங்கள் சுமார் என்று நினைத்த பாட்டு அது. ஸ்கொலாஸ்திகா நாற்பது விரற்கடைக்கு இறங்கினாள், பிறகு இருபத்தைந்து. இறுதிச் சுற்றுக்கு முந்தின வியாழக்கிழமை பன்னிரண்டில் நின்றாள், அதாவது பிள்ளைகள் நிற்கும் முக்காலியின் உயரம். அன்று சல்வினு வேர்த்து விறுவிறுத்து ஒரு காகிதத்தோடு வந்தான். கம்பெனி பயந்துவிட்டது. இப்போதே பந்தயத்தை முறித்துக்கொண்டால் வீட்டைத் திருப்பித் தருவதாகவும், அதற்குமேல் ஐந்து வீட்டின் விலையைக் கையில் கொடுப்பதாகவும் எழுதியிருந்தது. வென்சு அதைப் படித்துவிட்டு அக்காவின் முன்னால் கைகூப்பினார். கிளப் தலைவரான பிறகு அவர் யாரையும் அப்படிக் கும்பிட்டதில்லை.

“அக்கா, கையெழுத்துப் போட்டுரு. அப்பா கட்டின வீடு. போதும், நீ ஜெயிச்சாச்சு.”

“நான் எங்கடா ஜெயிச்சேன்? இதுல கையெழுத்துப் போட்டா அந்தப் புள்ளைக்கு எதிரா உங்க வரிசையில நானும் வந்து நின்ன மாதிரி. நாளான்னிக்கு அது மேடையில ஏறும்போது அதுக்காக ஊர்ல ஒரு ஆளாவது நிக்க வேணாமா?”

“நிக்கறதுக்கு முதல்ல தரை வேணும்.”

“எனக்கு வேண்டியதில்ல, நீயே பாக்கறியே” என்று காகிதத்தை அடுப்பில் போட்டாள். நன்றாகப் பற்றிக்கொண்டது.

வென்சு அப்போது ஒன்றை அவளிடம் சொல்லவில்லை. போட்டியின் விதிப்படி எந்த நாட்டுக்காரரும் தன் நாட்டுக்கு வாக்களிக்க முடியாது. ஆகவே எங்கள் நம்பிக்கை எல்லாம் மெல்பர்னில் இருந்தது, ஐரோப்பியப் போட்டி என்றாலும் ஆஸ்திரேலியாவும் அதில் உண்டு. ஆய்ன் தூதாவில் இருப்பதைவிட ஆய்ன் தூதாக்காரர்கள் மெல்பர்னில்தான் அதிகம். கப்பலேறிப் போனபோது பெட்டியில் யோவானையும் சூசையப்பரையும் தனித்தனியாகக் கொண்டுபோனவர்கள், அங்கேயும் இரண்டு கிளப். ஏப்ரல் மாதமே வென்சு அங்குள்ள சிவப்பு கிளப்புக்குப் போன் போட்டு, யாருக்கு வேண்டுமானாலும் வாக்குப் போடுங்கள், ராப்பா மகளுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமை வீடு திரும்பியதும் அந்தச் சொல்லை வாபஸ் வாங்கத் திரும்பத் திரும்ப அழைத்தார். அங்கே யாரும் அவரை நம்பவில்லை. நீலக்காரன் எவனோ தலைவர் குரலில் பேசுகிறான் என்று போனை வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை இறுதிச் சுற்றைப் பார்க்க ஸ்கொலாஸ்திகாவின் முற்றத்தில் தொலைக்காட்சியை வைத்தார்கள். இரண்டு கிளப்பும் வந்தது. இரண்டும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்தது அதற்கு முன் காலரா வந்த வருஷம்தான் என்பார்கள். டோரியான் பாடினாள். கத்தும் இடத்தில் கத்தினாள். வாக்குகள் ஒவ்வொரு நாடாக வர வர ஸ்கொலாஸ்திகா இறங்கிக்கொண்டே இருந்தாள், எட்டு விரற்கடை, ஐந்து, மூன்று. யாரும் திரையைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவள் காலைப் பார்த்தார்கள். கடைசி நாடாக ஆஸ்திரேலியா வந்தபோது அவளுடைய கட்டைவிரல் அப்பா பதித்த முற்றத்துக் கல்லைத் தொட்டுத் தொட்டு விலகியது. பத்துப் புள்ளி வந்தால் நாங்கள் முதலிடம். ஏழு வந்தது.

தோற்ற பந்தயத்துக்கு விகிதம் கிடையாது, ஆகவே அளவும் கிடையாது. ஸ்கொலாஸ்திகா உயர்ந்தாள். அத்திமரத்தைத் தாண்டி, துணி காயும் கொடியைத் தாண்டி, மொட்டைமாடியைத் தாண்டி, அதற்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் நின்றாள். கீழே வென்சு சொந்த அக்காவின் வீட்டைத் தின்ற தன் வாயில் தானே அடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே மெல்பர்ன் விஷயத்தை ஊரறியச் சொன்னார். நீலக்காரர்கள் அவரை அடிக்க எழுந்தார்கள். மேலேயிருந்து குரல் வந்தது, தாழ்ந்த குரல்.

“அவன்மேல யாரும் கை வைக்கக்கூடாது. அடுத்த கிளப் தோக்கணும்னு இதே வேலையை நீங்களும் போன திருவிழாவுல செஞ்சவங்கதானே? உக்காருங்க எல்லாரும். ரெண்டாவது வந்திருக்கோம், கை தட்டத் தெரியாதா?”

கை தட்டினார்கள். எனக்கு அந்த ஓசை இன்னும் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை கம்பெனி ஆட்கள் பூட்டுத் திறப்பவனோடு வந்தார்கள். அவளை இறங்கிக் காலி செய்யச் சொன்னார்கள். நோட்டரி மிட்ஸி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பத்திரத்தைப் படித்தார். எங்கள் தீவில் வீட்டை விற்பது வேறு, வீட்டுக்கு மேலே இருக்கும் காற்றை, அதாவது அங்கே மேற்கொண்டு கட்டும் உரிமையை, விற்பது வேறு. காற்றுக்குத் தனி விலை, தனி வரி, காற்றைப் பங்குபோட முடியாமல் இருபது வருஷம் பேசாமலிருக்கும் அண்ணன் தம்பிகள் தெருவுக்கு ஒரு ஜோடி உண்டு. இது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும், வடக்கிலிருந்து வந்த கம்பெனிக்குத் தெரியவில்லை. அவர்கள் பத்திரத்தில் சுவர், தரை, கூரை, முற்றம், அத்திமரம் எல்லாம் இருந்தது. காற்று இல்லை. “எழுதும்போது நீங்க கேக்கல, நானும் சொல்லல” என்றார் நோட்டரி. அவர் எந்த கிளப் என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது, அன்று இரண்டு கிளப்பும் அவரைத் தன் ஆள் என்றது.

வீடு போனது. சாவியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அது போனதில் அவளுக்கு வலி இல்லை என்று எழுதினால் பொய். ஒரு வாரம் அவள் கீழே பார்க்கவே இல்லை. எட்டாம் நாள் டோரியான் விமான நிலையத்திலிருந்து நேராக வந்து தெருவில் நின்று, “அத்தை, என்னாலதான வீடு போச்சு” என்று விசும்பினாள். ஸ்கொலாஸ்திகா குனிந்து பார்த்து, “உன்னால ஒண்ணும் போகல. நீ அந்த நடுவுல கத்தறதை மட்டும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்” என்றாள். பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பிறகு திருவிழாவில் புனிதர்களின் சொரூபம் தூக்கும் கப்பியைக் கொண்டுவந்தார்கள், ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம் பிடித்து இழுத்தது. அடுப்புக்குரிய கற்களை ஒவ்வொன்றாக மேலேற்றினார்கள். அவள் காற்றில் வைத்த கல் வைத்த இடத்தில் நின்றது. சொந்த இடமாயிற்றே, நிற்காமல் என்ன செய்யும். கம்பெனி வழக்குப் போட்டு நான்கு வருஷம் நடத்தியது, மூன்று வக்கீல்களை மாற்றியது, தோற்றது.

அடுத்த வருஷப் போட்டிக்குத் தலைநகரத்திலிருந்து ஒரு பையன் போனான். பாட்டு சகிக்கவில்லை. விகிதம் தொண்ணூறுக்கு ஒன்று. பலகையில் அதைப் பார்த்த வென்சு, யாரும் கேட்காமலே, தன் வீட்டை மால்டா மேல் வைத்தார். கம்பெனி இந்தத் தடவை காற்றையும் எழுதச் சொன்னது. நோட்டரி பெருமூச்சு விட்டு, வென்சு வீட்டின் காற்று அவர் மனைவியின் சீதனம், அதில் அவர் கைவைக்க முடியாது என்று காட்டினார். வென்சு கையெழுத்துப் போட்டார், கால் தரையைவிட்டது, தொப்பி மட்டும் கீழே விழுந்தது. அந்த வருஷம் நாங்கள் பதினேழாவது வந்தோம். அதற்கடுத்த வருஷம் குழாய்க்காரர் ராப்பா வைத்தார், பிறகு தையற்காரர், பிறகு சாமியாரின் தங்கை, அப்புறம் வருஷத்துக்கு நாலைந்து பேர். எங்கள் ஊரில் காற்று பெரும்பாலும் மனைவிமார் பேரில் இருக்கிறது என்பதைக் கம்பெனி மெதுவாகத்தான் புரிந்துகொண்டது.

இன்றைக்கு மேலே முப்பத்தொரு வீடுகள் இருக்கின்றன. தபால்காரர் பழகிவிட்டார். கீழே கம்பெனி வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில் வடக்கத்திக்காரர்கள் இருக்கிறார்கள், நல்ல மாதிரிதான், ரொட்டித் தூள் தலையில் விழுகிறது என்று எப்போதாவது புகார் சொல்வார்கள். மால்டா இன்னும் முதலிடம் வரவில்லை. இந்த மே மாதத்துக்கு விகிதம் நூற்றுப்பத்துக்கு ஒன்று என்று பலகையில் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கட்டியாகிவிட்டது.