மூன்றாம் வகுப்பு மழை

உப்போடைப்பட்டி தொடக்கப் பள்ளியில் மழை மூன்றாம் வகுப்பு படித்துவந்தது. வருகைப் பதிவேட்டில் மகிஷாவுக்குக் கீழே, முகேஷுக்கு மேலே அதன் பெயர் இருந்தது. கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் அதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம்தான். மழை வருகிற அன்றெல்லாம் பள்ளிக்கு விடுமுறை. அது வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்குள் மேலிடத்துச் செய்தி வந்துவிடும், மணி அடித்துவிடும், பிள்ளைகள் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். மழை மட்டும் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்து, யாராவது வருவார்களா என்று பார்த்துவிட்டு, பெஞ்சு நனைந்தது மிச்சம் என்று எழுந்து போகும். பள்ளிக்கூடம் என்றால் காலி பெஞ்சும் கரும்பலகையும்தான் போல என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. படிப்பில் ஆசை உள்ள பிள்ளைக்கு இப்படி ஒரு ஜாதகம்.

வகுப்பாசிரியை செண்பகவல்லி டீச்சருக்கு இது நெஞ்சில் முள்ளாக இருந்தது. அவரிடம் படித்த எந்தப் பிள்ளையும் எழுத்துக்கூட்டத் தெரியாமல் நாலாம் வகுப்புக்குப் போனதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. கல்யாணப் பந்தியில்கூட பக்கத்து இலைக்காரரிடம் அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். மழையோ அகரத்தையே இன்னும் முழுதாகப் பார்த்திருக்கவில்லை.

தலைமையாசிரியர் பால்துரை நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார், எதிரில் இருப்பவர் முகம் தெரியக்கூடாது என்று. அன்று டீச்சரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். வருகையே இல்லாத பிள்ளையின் பெயரை அடித்துவிடும்படி வட்டாரக் கல்வி அலுவலர் சொல்லிவிட்டாராம். டவுன் மெட்ரிக் பள்ளிக்காரர்கள் அதற்குள் மழையைக் கேட்டு வந்துவிட்டார்களாம். அங்கே லீவு நாளிலும் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு என்பதால் மழை தாராளமாகப் படிக்கலாம். டை தைக்க நேற்றே வேனில் வந்து கழுத்தளவு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

மழை டவுனோடு போய்விட்டால் பருத்தி என்ன ஆகும் என்று ஊரே கவலைப்பட்டது. டீச்சருக்குப் பருத்தி ஞாபகமே வரவில்லை. என் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்களே என்றுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அலுவலருக்குப் போன் போட்டு, கெஞ்சினாரா மிரட்டினாரா என்று சொல்ல முடியாத ஒரு குரலில் பேசினார். கடைசியில் அலுவலர் இறங்கி வந்தார். அவர் பார்வையிட வரும் நாளில் மழை ஒரு பக்கம் வாசித்துக் காட்டினால் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் அன்றே அடித்துவிட வேண்டியதுதான்.

பள்ளி மேலாண்மைக் குழு அவசரமாகக் கூடியது. டீயும் வடையும் முடிகிறவரை யாருக்கும் வழி தெரியவில்லை. பிறகு பருத்தி போட்டிருந்த மகிஷாவின் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“பெரிய மழைக்குத்தான லீவு விடுதாங்க? தூத்தலுக்கு எவன் விடுதான்? அதைக் கொஞ்சம் அடக்கி வரச் சொல்லுங்க டீச்சர்.”

மறுநாள் மழை தூறலாக வந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. பெஞ்சு நிறையப் பிள்ளைகள். வேறு பள்ளிக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பப் போனதை மகிஷாதான் ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். வகுப்பில் யாரும் குடை விரிக்கக் கூடாது, அதற்கு மனசு கஷ்டப்படும் என்று அவளே சட்டமும் போட்டாள்.

மழை நன்றாகவே படித்தது. எழுத்துதான் வரவில்லை. சிலேட்டில் எழுதும், எழுதின கையோடு தானே அழித்தும்விடும். அதனால் டீச்சர் எழுத்தை விட்டுவிட்டு வாசிப்பைப் பிடித்துக்கொண்டார். இடைவேளையில் பிள்ளைகள் முறைபோட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். எறும்புப் பாடம் அதற்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது டீச்சரின் சேலை தெப்பமாக நனைந்திருக்கும், முகம் மட்டும் மலர்ந்திருக்கும்.

சொன்னபடி அலுவலர் திரவியம் வந்தார். மழை பூப்போல வந்து உட்கார்ந்தது. புத்தகத்தைப் பிரித்தது, வாசித்தது. அலுவலர் காதருகே கையை வைத்துக் கேட்டார்.

“என்ன முணுமுணுப்பு? ஒண்ணும் கேக்கலை. சத்தமா வாசி.”

டீச்சர் முந்திக்கொண்டார். அதற்குக் குரலே அவ்வளவுதான் சார் என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தார். காதில் விழாத வாசிப்புக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று அலுவலர் கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது. மழை டீச்சரைப் பார்த்தது.

“வாசி கண்ணு,” என்றார் டீச்சர். “உனக்கு எவ்வளவு வருதோ அவ்வளவு சத்தமா வாசி.”

‘எறும்பு மேட்டில் ஏறியது’ என்று தொடங்கியபோது ஓட்டின்மேல் பட்டாணி கொட்டிய மாதிரி இருந்தது. ‘கால் வழுக்கியது’ என்ற இடத்தில் முற்றத்து வேப்பமரம் கண்ணுக்குத் தெரியவில்லை. ‘மீண்டும் ஏறியது’ வருவதற்குள் வகுப்புக்குள் தண்ணீர் வந்துவிட்டது, பால்துரை சாரின் போனில் செய்தியும் வந்துவிட்டது. அவர் கடமை தவறாதவர். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் நீள மணி அடித்தார்.

மழை பாதி வரியில் நின்றது. இனி என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியும். ஓட்டு நுனியில் சொட்டுகள் விழாமல் அப்படியே தொங்கின. விடுமுறை விட்டபின் பிள்ளைகளை உட்காரச் சொல்ல டீச்சருக்கு அதிகாரம் இல்லை. மகிஷா எழுந்தாள். தரையில் இருந்த பையை எடுத்தாள். அதைப் பெஞ்சின்மேல் வைத்தாள், காலைத் தூக்கித் தானும் பெஞ்சின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“மேல வாசி,” என்றாள். “அடுத்தது ‘உச்சி’.”

மற்ற பிள்ளைகளும் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். அலுவலரும் பேன்ட்டை மடித்துவிட்டு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். மழை கடைசி வரிவரை வாசித்தது. அதோடு விடாமல், யாரும் கேட்காத பயிற்சி வினாக்களையும் சேர்த்து வாசித்தது. டீச்சர் கண்ணைத் துடைக்கவில்லை. எல்லோரும் நனைந்திருந்தார்கள், துடைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அலுவலர் போட்ட பேனாக் கையெழுத்து கரைந்துவிட்டது. பென்சிலில் இன்னொன்று போட்டுக் கொடுத்தார்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு மழையின் வீட்டிலிருந்து கடல் வந்திருந்தது. சின்னப் பெஞ்சில் முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்து, மற்ற பெற்றோர்கள் பேசி முடிக்கிறவரை பொறுமையாக இருந்தது. வாசிப்பில் குறையில்லை, வாய்ப்பாடுதான் கொஞ்சம் தகராறு, வீட்டில் நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம் என்றார் டீச்சர். கடல் தலையைக் குனிந்துகொண்டது.

“நானே கைநாட்டு டீச்சர்.”

டீச்சர் கூட்டப் பதிவேட்டையும் மைப்பெட்டியையும் அதன் பக்கம் நகர்த்தி வைத்தார். சாயங்காலம் இங்கே முதியோர் வகுப்பு நடக்கிறது, வெட்கப்படாமல் வாருங்கள், அலையை மட்டும் வெளியே விட்டுவிட்டு வர வேண்டும் என்றார். கடல் சரி என்றது.

அன்று மாலை பள்ளி வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில், அலைகள் வரிசையாகக் கிடந்தன.