நத்தை ஏறும் வரை

பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் முன்னறைக்குக் கேட்கக் கூடாது என்று கமோரு ரேடியோவின் ஒலியைக் கூட்டினான். ரேடியோவில் யாரோ நேற்றைய கால்பந்தாட்டத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். லாசிசி நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயதில் அவர் எந்த நாற்காலியிலும் சாய்ந்தது கிடையாது.

"சத்தத்தைக் குறை" என்றார்.

"கேளுங்கப்பா. நம்ம ஊர் டீம் ஜெயிச்சிருக்கு."

"எனக்குக் காது நல்லா இருக்கு. குறை."

கமோரு குறைக்கவில்லை. அப்பா சொல்லி அவன் செய்யாமல் இருந்தது அவனுடைய ஐம்பது வயதில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

விடியற்காலைத் தொழுகைக்குச் சற்று முன்பு அவர் மகள் அபேகே இறந்துபோனாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர் லாசிசிதான். நாடி நின்றதை முதலில் அறிந்தவரும் அவர்தான். ஆனாலும் பொழுது விடிந்ததிலிருந்து வீட்டில் ஒருவரும் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெற்றவர் உயிரோடிருக்கும்போது பிள்ளை போனால் அதைப் பெற்றவர் காதில் போடக் கூடாது. அவர் அடக்கத்துக்குப் போகக் கூடாது. குழி எங்கே என்று கேட்கக் கூடாது. உடல் போகும் வழியை அவர் கண் பார்க்கக் கூடாது. முரசு, ஒலிபெருக்கி, சுவரொட்டி எதுவும் கிடையாது. கேட்பவர்களிடம், பயணம் போயிருக்கிறாள் என்று சொல்வார்கள். இபாதானில் அந்த வளாகத்தின் இருபது குடும்பங்களுக்கும் லாசிசிதான் மொகாஜி, தலைவர். மூன்று வீடுகளில் மூன்று தகப்பன்களை இதேபோல் அறைக்குள் உட்கார வைத்து, கதவுக்கு வெளியே அவரே காவல் நின்றிருக்கிறார்.

சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபது காட்டியது. பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் அபேகே கண்ணைத் திறந்து, தண்ணீர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, "நாளைக்கு வியாழக்கிழமையா அப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"ஆறாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு நாளையோட ஸ்கூல் முடியுது. அப்புறம் ஆளுக்கு ஒரு பக்கம் போயிடுவாங்க. என் கதையில கடைசி அத்தியாயம் மட்டும் படிச்சுக் காட்டல. மூணு வியாழன் வரேன்னு சொல்லிட்டுப் போகல."

"பேசாம படு."

"பதினோரு மணிக்கு வரேன்னு சொல்லியிருக்கேன். நான் இல்லேன்னா எங்க வீட்டிலேருந்து யாராவது வருவாங்கன்னு சொல்லியிருக்கேன்."

"சரி."

அவளைத் தூங்க வைக்கச் சொன்ன சரிதான் அது. ஆனால் சொல்லியாகிவிட்டது. அவள் அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை.

லாசிசி எழுந்து தன் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது நீல அக்பாடா அங்கியைப் போட்டு, அதன் இரண்டு கைகளையும் தோளில் மடித்துவிட்டு, தொப்பியை நேராக வைத்திருந்தார். கமோரு வாசற்கதவை மறித்து நின்றான். பின்கட்டில் உடலைக் குளிப்பாட்டும் பெண்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த லாசிசியின் தம்பி சுபேரு, கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"ஸ்கூலுக்கு."

சுபேரு கமோருவைப் பார்த்தார். பிறகு குழந்தையிடம் பேசுவதுபோல், "எண்பது வயசுக்கு மேல எந்தக் கிளாஸ்ல சேர்த்துக்குவாங்க அண்ணே?" என்றார்.

"ஆறாங்கிளாஸ்ல. வழி விடு."

"இன்னிக்கு நீங்க வெளியே போகக் கூடாது. ஏன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் கேக்க மாட்டீங்க. தச்சர் வீட்டுப் பெரியவரை நீங்கதானே உள்ள வெச்சுப் பூட்டினீங்க? கதவைத் தட்டித் தட்டி அந்த மனுஷனுக்குக் கை வீங்கிப் போச்சு. திறந்தீங்களா?"

"திறக்கல."

"அப்புறம்?"

"அவர் போகக் கூடாத இடத்துக்குப் போகணும்னு தட்டினார். நான் அந்தப் பக்கமே போகல. பதினோரு மணிக்கு வரேன்னு இந்த வீட்டிலேருந்து வாக்குப் போயிருக்கு. நேத்து நான் சரின்னு சொல்லியிருக்கேன். மொகாஜி சரின்னு சொல்லிட்டு வரலைன்னு நாற்பது பிள்ளைங்க பேசட்டுமா?"

"ஊர் என்ன பேசும்னு யோசிச்சீங்களா? வீட்ல இப்படி இருக்கும்போது தகப்பன் அங்கி போட்டுக்கிட்டு வெளிய போறார்னு பேசாதா? பிள்ளைங்கதானே அண்ணே, மறந்துடும்."

"நானும் முப்பது வருஷமா அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார் லாசிசி. "கமோரு, அவ அறைச் சாவி உன்கிட்ட இருக்கு. பச்சை அட்டை போட்ட கோப்பு ஒண்ணு மேசையில இருந்துச்சு. எடுத்துட்டு வா."

அவர் 'அவ' என்று சொன்னதும் அறையில் ஒரு கணம் ரேடியோ மட்டும் பேசியது. காலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவளைச் சொல்லவில்லை.

"கமோரு, போகாதே" என்றார் சுபேரு.

கமோரு போனான். அவன் வரும்வரை அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கமோரு கோப்பை இரண்டு கையாலும் நீட்டினான்.

"சாமான் எல்லாத்தையும் பெட்ஷீட்ல வெச்சுக் கட்டிட்டாங்க. முடிச்சை அவிழ்த்து எடுத்தேன்." பிறகு சுபேருவிடம் திரும்பி, "ஸ்கூல் கிழக்குப் பக்கம் சித்தப்பா. நாம போறது..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அண்ணன் வெளியே போனால் வேலை சுலபம் என்பது சுபேருவுக்கும் புரிந்தது. கதவைவிட்டு விலகினார்.

"ஒரு மணி வரைக்கும் திரும்பி வராதீங்க."

வாசற்படியில் கால் வைத்த பிறகுதான் லாசிசிக்கு அதன் பொருள் முழுதாக உறைத்தது. திரும்பி வரும்போது அவள் இந்த வீட்டில் இருக்க மாட்டாள். பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. அவர் ரேடியோவை நோக்கி, "இப்ப குறைச்சிடு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மைக்ரா டாக்ஸியின் முன்சீட்டில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டார். இந்த மாதிரி ஒரு வண்டியில்தான் அவளும் பள்ளிக்கூடங்களுக்குப் போவாள். வண்டிக்குக் காசில்லாத நாளில் மோட்டார் சைக்கிளின் பின்னால், தலையில் புத்தக மூட்டையோடு. அவள் புத்தகங்களைப் போட்ட பதிப்பகம் மூடிய பிறகு தானே அச்சடித்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோனாள். விடுமுறை முடிந்து வா என்பார்கள், போவாள். தலைமை ஆசிரியர் மாறிவிட்டார், மறுபடி வா என்பார்கள், மறுபடி போவாள். தாய்மொழி யொரூபாவில் கதை எழுதினால் எந்தப் பெற்றோர் வாங்குவார்கள், ஆங்கிலத்தில் எழுது என்பார்கள். அதற்கு மட்டும் அவள் இணங்கிப் போனதில்லை. மொகாஜியின் மகள் பள்ளிக்கூட வாசலில் கூவி விற்கிறாள் என்று குடும்பக் கூட்டத்தில் ஒருவன் சிரித்தபோது லாசிசி எழுந்து போய்விட்டார். அன்றிரவு அவளைக் கூப்பிட்டு, "பிள்ளைங்களுக்குக் கதை சொல்றதுக்கு ஒரு ஆயுசா?" என்றார். "ரயிலுக்குக் கொடி காட்டுறதுக்கு உங்களுக்கு ஒரு ஆயுசு போச்சே அப்பா" என்றாள் அவள். அவர் முப்பத்தைந்து வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அதற்குப் பிறகு அவர் அவள் வேலையைப் பற்றிப் பேசியதில்லை. அவள் புத்தகம் ஒன்றைக்கூடத் திறந்ததுமில்லை.

"பாபா, நல்லவேளை சீக்கிரம் கிளம்பினீங்க" என்றான் டிரைவர். "பெரிய ரோட்டைக் காலையிலேருந்து வெட்டிப் போட்டிருக்காங்க, சாக்கடைக்காம். மேற்கே போறவன், தெற்கே போறவன் எல்லாம் இன்னிக்கு இந்த ஸ்கூல் ரோட்டைச் சுத்தித்தான் போகணும். இன்னும் ஒரு மணி நேரத்துல இங்க எறும்பு நுழையாது."

லாசிசி போனைக் கையில் எடுத்தார். கமோருவின் பெயரைத் திரையில் கொண்டுவந்தார். இந்த வழியாக வராதே என்று சொன்னால் எந்த வழியாக வருகிறீர்கள் என்று கேட்டதாகிவிடும். அதைத் தகப்பன் கேட்கக் கூடாது. பள்ளிக்கூட வாசல் வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்து, இறங்கும்போது பையில் போட்டார்.

வகுப்பில் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அதில் மெத்தை வைத்திருந்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீரைத் தட்டால் மூடி வைத்திருந்தார்கள். இடோவு டீச்சர் முழங்காலிட்டு வணக்கம் சொன்னாள்.

"வாங்க மொகாஜி. அவங்க வரலையா? உடம்பு தேவலையா?"

"பயணம் போயிருக்கா" என்றார் லாசிசி. பிறர் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று காலையிலிருந்து அஞ்சிய சொல், தன் வாயிலிருந்து எவ்வளவு எளிதாக வந்துவிட்டது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. "நான் படிக்க வந்திருக்கேன்."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். அவளும் இந்த ஊர்க்காரிதான். ஏற்கெனவே வணக்கம் சொன்னவள் மறுபடியும் முழங்காலிட்டாள், இந்த முறை மெதுவாக.

லாசிசி மெத்தையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கோப்பைப் பிரித்தார். முதல் அத்தியாயங்களின் ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள் இருந்தன.

"இது என்ன?"

முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "நாங்க ஜன்னல் பக்கம் திரும்பினா ஆன்ட்டி அந்த வரியில ஒரு குறி போடுவாங்க பாபா. அடுத்த வாரம் அதை மாத்தி எழுதிட்டு வருவாங்க. இரண்டாவது அத்தியாயத்தை ஆறு தடவை மாத்தினாங்க."

"ராஃபியு எப்பவுமே ஜன்னலைத்தான் பார்ப்பான்" என்றது ஒரு குரல். "அவனாலதான் ஆறு தடவை."

வகுப்பு சிரித்தது. ராஃபியுவும் சிரித்தான். கடைசி அத்தியாயத்தில் ஒரு குறியும் இல்லை. லாசிசி டீச்சரிடம் பென்சில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவருக்குக் கதை படித்துக் காட்டத் தெரியவில்லை. மூன்றாம் எண் வண்டி இத்தனை மணிக்குப் புறப்படும் என்று அறிவிக்கிற குரல்தான் வந்தது. முதல் பக்கம் முடிவதற்குள் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். இரண்டு குறி போட்டார். மூன்றாவது போட்டார். கதை ஒரு நத்தையைப் பற்றியது. லாகோஸில் கடல் பார்க்க வேண்டும் என்று ஆறு அத்தியாயம் ஊர்ந்து இபாதான் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ரயில் நிற்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் வருகிறார். அவர் சிரிப்பதே இல்லை, அவர் முதுகு வளைவதே இல்லை என்று எழுதியிருந்தாள். நத்தை படியில் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்த அவர், பச்சைக் கொடியை விரிக்காமல் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.

லாசிசி படிப்பதை நிறுத்தினார்.

"இது தப்பு" என்றார். "நேரம் வந்தா வண்டியை எடுத்தாகணும். எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் நத்தைக்காக வண்டியை நிறுத்த மாட்டான்."

"ஏன் பாபா?" என்றான் ராஃபியு.

"அப்படி ரூல் இல்ல."

"கதையில இருக்கே."

பிள்ளைகள் அவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தார்கள். நாற்பது பேரில் ஒருவர்கூட ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. லாசிசி தாளைக் கண்ணுக்குக் கொஞ்சம் அருகில் கொண்டுவந்து மேலே படித்தார். இன்ஜின் டிரைவர் கத்துகிறார். மூட்டை ஏற்றிய வியாபாரிப் பெண்கள் திட்டுகிறார்கள். ஒருத்தி மாஸ்டரின் அம்மாவையே இழுக்கிறாள். மாஸ்டர் அசையவில்லை. கொடி கக்கத்திலேயே இருக்கிறது. அந்த வியாபாரிப் பெண்ணின் வசவை லாசிசி படித்தபோது வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரோட்டில் ஹாரன் சத்தங்கள் நெருங்கி வந்தன. அவற்றுக்கிடையில் ஒரு வேனின் இரைச்சல் தனியாகக் கேட்டது. சைலன்சர் ஓட்டையான வேன். எட்டு மாதமாகச் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் சுபேருவின் வேன் அது. பள்ளிக்கூடச் சுவருக்கு அப்பால் நெரிசலில் சிக்கி மெதுவாக ஊர்ந்தது. அதற்குள்ளிருந்து ஆண்களின் தாழ்ந்த குரல்கள், உடலைக் கொண்டுபோகையில் ஓதும் கலிமாவைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. அவற்றிலொன்று கமோருவின் குரல்.

"...நத்தை முழுதாக உள்ளே போய்விட்டதா என்று பார்க்க, மாஸ்டர் தன் வாழ்நாளில் முதன்முறையாகக் குனிந்தார்" என்று லாசிசி படித்தார்.

நாற்பது தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. பின்வரிசைப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க எழுந்து நின்றார்கள். டீச்சர் பார்த்தாள், சட்டென்று அவரைப் பார்த்தாள், அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. லாசிசியின் பார்வை தாளை விட்டு எழவில்லை. ஜன்னல் அவருடைய இடது தோளுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. வேன் நின்றது, இரைந்தது, மறுபடி ஊர்ந்தது. அவர் பென்சிலை எடுத்து அந்த வரியின் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். பென்சிலை அங்கேயே ஊன்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரைச்சல் முழுதும் தேய்ந்து மறைய வெகுநேரமானது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"பாபா" என்றான் ராஃபியு. "கடைசியா படிச்சது எங்களுக்குக் காதுல விழல."

லாசிசி மூடி வைத்திருந்த தண்ணீரைத் தொடவில்லை. விரலை அந்த வரியின் தொடக்கத்தில் வைத்து, இந்த முறை மெதுவாக, மறுபடி படித்தார்.